சிவப்படித்த காடு

எனக்குப் புகை ஒத்துக்கொள்ளாது, ஐயா. சாம்பிராணி போட்டாலே இருமல் வந்துவிடும். அதனால் காட்டுக்குப் போன அன்று மூக்கைக் கட்டுவதற்கு ஒரு துவாயை நனைத்துப் பிழிந்து வீட்டிலிருந்தே எடுத்துப்போனேன். இப்போது உங்கள் மேசையில் கிடப்பது அதுதான். நான் பதற்றத்தில் ஏதோ செய்துவிட்டேன் என்று என் சட்டத்தரணி சொல்கிறார். துவாயை மடித்து எடுத்துப்போனவனுக்கு அந்த வாதம் பொருந்துமா என்று நீங்களே பாருங்கள்.

என் பெயர் கோகுலராஜ். அனர்த்த ஆபத்து மதிப்பீட்டு உத்தியோகத்தர். சுனாமிக்கு முன் மட்டக்களப்பில் அப்படியொரு உத்தியோகம் இருக்கவில்லை. பிறகு நிவாரண நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வந்தன, அவற்றோடு அதுவும் வந்தது. என் மனைவி றஞ்சிதா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கடல் அவளைக் கொண்டுபோனது. ஒரு சங்கு ஊதவில்லை. ஒருவரும் ஓடிவந்து சொல்லவில்லை. இன்றுவரை என்னால் தாங்க முடியாதது அதுதான். இனி என் பொறுப்பில் உள்ள இடத்தில் ஒரு மனுசரும் சொல்லாமல் கொள்ளாமல் சாகக்கூடாது என்று அன்றே முடிவெடுத்தேன்.

முதலில் கடலை மதிப்பிட்டோம். கரை நெடுக 'இந்தப் பக்கம் ஓடுங்கள்' என்று பலகை நட்டோம். சண்டை நடந்த ஊர்களில் சனம் பலகை இல்லாமலே எல்லாப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் ஷெல் குண்டு எங்கள் திட்டத்துக்குள் வராது. கொஞ்சக் காலத்தில் நிதி கொடுத்தவர்களுக்குக் கடல் அலுத்துப்போய், காலநிலை மாற்றம் பிடித்துக்கொண்டது. வெயில் கூடுகிறது, மழை பிந்துகிறது, ஆகவே காடு பற்றும். என்னைக் கொழும்புக்குக் கூப்பிட்டு ஒரு கிழமை படிப்பித்து, காட்டுத்தீ நிபுணனாகத் திருப்பி அனுப்பினார்கள்.

வாகரைக்கு மேற்கே, மீளக்குடியேறியவர்கள் வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்யும் காட்டை அளந்தேன். சருகு எவ்வளவு தடிப்பு, காற்று எந்தப் பக்கம், ஓலைக் குடிசைகள் எவ்வளவு கிட்ட என்றெல்லாம் பார்த்து, வரைபடத்தில் அதற்குச் சிவப்படித்தேன். பிழையான மதிப்பீடு அல்ல. இன்று கேட்டாலும் அதே நிறம்தான் அடிப்பேன்.

காடுதான் ஒத்துழைக்கவில்லை. வறண்ட கச்சான் காற்று வருசா வருசம் அடித்து ஓய்ந்தது, ஒன்றும் நடக்கவில்லை. காரணம் அந்தச் சனத்தின் பழக்கம். சேனைக்குத் தீ வைக்க முன் சுற்றிவரச் செதுக்கி வெறுந்தரை ஆக்குவார்கள். பிறகு தீ வைப்பவர் காற்று வரும் பக்கம் நின்று 'கூ' என்று கூப்பிடுவார். தேனுக்கோ விறகுக்கோ உள்ளே போனவர் இருந்தால் பதிலுக்கு அவரும் 'கூ' என்பார். பதில் வந்துவிட்டால், அந்த ஆள் வெளியே வந்து பக்கத்தில் நிற்கும்வரை நெருப்புக்குச்சியை உரசமாட்டார்கள். எங்கள் மதிப்பீட்டில் தண்ணீர் பவுசர் வண்டிக்குப் புள்ளி உண்டு, தொண்டைக்கு இல்லை. அதனால் நான் அதைச் சேர்க்கவில்லை.

ஊரில் எனக்கு 'நெருப்புச் சேர்' என்று பெயர் வைத்தார்கள். அதைத் தொடக்கிவைத்தது கலாஜினி. கதிரவெளியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து அங்கேயே தங்கிவிட்டவள். காட்டில் பாலைப்பழம் பொறுக்கி வீதியோரம் விற்பாள். என் மோட்டார் சைக்கிளைக் கண்டாலே மறிப்பாள்.

"என்ன சேர், உங்கட நெருப்பு இந்த வருசமும் வரல்லியா? பஸ்ஸ உட்டுட்டோ?"

பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவள் ஒரு கை நிறையப் பழம் அள்ளித் தருவாள்.

"திண்ணுங்க சேர். பால் ஒட்டும், சொண்டில எண்ணெய் பூசிக்கங்க. எங்களப் பத்திக் கவலப்படாதீங்க. ஷெல்லுக்குத் தப்பின சனம் நாங்க. கூ எண்டா வெளியில வந்திருவம்."

நானும் சிரித்தேன். பழம் இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வீதியால் போவதற்கே வெட்கமாகிவிட்டது, ஐயா. மனைவியைப் பறிகொடுத்தவன் உங்களைக் காப்பாற்ற வந்திருக்கிறேன், நீங்கள் பல்லைக் காட்டுகிறீர்கள்.

யுத்தம் முடிந்த வருசம், மதிப்பிடும் என்னை மதிப்பிட ஒரு வெளிநாட்டவர் வந்தார். இங்கே பற்றியதற்கு ஓர் அடையாளமும் இல்லையே, சிவப்பை மஞ்சளாக்கிவிடலாம் என்றார். மஞ்சளாக்கினால் ஊருக்கு அபாயச் சங்கு கிடைக்காது, பவுசர் கிடைக்காது. நாளைக்கு உண்மையாகவே பற்றினால் அந்தச் சனத்தின் கதி என்ன? எனக்கு மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறது.

ஆகவே சிறிதாக ஒன்று பற்றினால் போதும் என்று முடிவுசெய்தேன். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊர்ச்சனம் மாமாங்கக் கோயிலுக்குப் போயிருந்த பகல். குடிசைகள் பக்கம் போகாத காற்று. கலாஜினியும் தீர்த்தத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். சண்டையில் தகப்பனை இழந்தவள், பிதிர்க்கடன் நாளில் பழம் பொறுக்கப் போவாள் என்று எந்த மதிப்பீடு சொல்லும்?

நெருப்பு என் வரைபடம் சொன்னபடியே போனது. வெளிநாட்டவர் சிவப்பைச் சிவப்பாகவே விட்டார். ஊருக்குச் சங்கு வந்தது. அதைத் தொடக்கிவைக்கக் கலாஜினியின் தாயைத்தான் அழைத்தோம். அந்த மனுசி பொத்தானை அழுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டது. நான் அழுதேன். அது நடிப்பில்லை.

தீ வைக்க முன் கூப்பிட்டாயா என்று நேற்றுக் கேட்டீர்கள். கூப்பிட்டேன். அவர்கள் வழக்கப்படி, காற்று வரும் பக்கம் நின்றுதான் கூப்பிட்டேன். பதிலுக்கு ஒரு குயில் கூவியது என்றும் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். குயில், "பொறுங்க, வாறன்" என்று சொல்லாது.

குச்சி கையில் இருந்தது. அவள் வந்து பக்கத்தில் நின்றிருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். நெருப்பு வரல்லியெண்டு நீங்களே கூட்டி வந்தீங்களா சேர் என்று கேட்டிருப்பாள். பொழுதுபடமுன் ஊரே சிரித்திருக்கும். உரசினேன்.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவள் சொல்லாமல் கொள்ளாமல் சாகவில்லை. நான் கூப்பிட்டேன். கடல் என் றஞ்சிதாவுக்கு அதைக்கூடச் செய்யவில்லை.