அழுவட்டும் உடுங்க

அவர்களைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்றே நான் முதலில் நம்பினேன். அறுபதுகளின் கடைசியில், வேலூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்த பஸ் அது. ஜன்னலோர இடம் கேட்டு ஒரு சிறுமி வீறிட்டு அழ, கூட இருந்த ஆளும் ஒரு பெண்ணும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் குடையை வாள்போலப் பிடித்துக்கொண்டேன், உட்கார்ந்தபடியேதான்.

“யோவ், புள்ளைய சமாதானம் பண்ண மாட்டியா?” என்றார் கண்டக்டர்.

“அழுவட்டும் உடுங்கண்ணா. கேக்க ஆசையா இருக்குது” என்றார் அந்த ஆள்.

பக்கத்திலிருந்த அவர் மனைவி சொன்னாள்: “பொறந்ததிலிருந்தே இருதயத்துல ஓட்டைங்கண்ணா. அழுதா ஒதடெல்லாம் நீலமாயிடும். பயந்துக்கிட்டு கேட்டதையெல்லாம் குடுத்தோம். இப்பத்தான் ஆபரேசன் முடிச்சிக் கூட்டிட்டு வர்றோம்.”

“இனிமே கேட்டது கெடைக்காதா?” என்று கேட்டார் கண்டக்டர்.

“கெடைக்காது. அடம் புடிச்சா அழுவ வேண்டியதுதான்!”

கிருஷ்ணகிரி வரைக்கும் சிறுமி அழுதாள். உதடு சிவப்பாகவே இருந்தது.