சீனிக் கிடங்குத் தோட்டத்து எழுபத்து நான்கு பெயர்கள்

2018 ஒக்டோபர் 9, கொட்டாஞ்சேனை. சீனிக் கிடங்குத் தோட்டம் என்ற நெருக்கமான வரிசைவீட்டுக் குடியிருப்பில் வாழ்ந்த எழுபத்து நான்கு பேரின் பெயர்கள் வரைவு வாக்காளர் இடாப்பில் இல்லை.

கைநாட்டுக்காரருக்கும் கதிரை தந்த கண்ணியமே! தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதென்று எவரையும் திருப்பி அனுப்பாமல், கையால் கோடிட்டு எழுதிக்கொடுத்த கனிவே! முப்பத்தோர் ஆண்டுகள் வாக்காளர் பதிவுக் கிளையில் பணிபுரிந்து இன்று விடைபெறும் எங்கள் கனகேஸ்வரி மிஸ்ஸே, வணக்கம்!

வெள்ளவத்தையில் பஸ் ஏறி, எட்டரைக்கு முன்னரே வந்து, இறுகிப்போன அந்த ஜன்னலை நீங்கள் தள்ளித் திறக்கும் சத்தத்தோடுதான் எங்கள் நாட்கள் தொடங்கின. வாடகை அறைகளில் தங்கியிருந்த இளம் பிள்ளைகளின் பெயர்களைப் பதிய வீட்டுக்காரர்கள் மறுத்தபோது, சிங்களத்திலும் தமிழிலும் கதைத்துப் பதிய வைத்தீர்கள். பத்து மணித் தேநீருக்கு நீங்கள் சொன்ன பகிடிகளை இனி யார் சொல்வார்?

"புகழ்ந்தது போதும். நான் விட்ட பிழையையும் வாசியுங்கோ, இல்லாட்டி விழாவுக்கு வரமாட்டன்" என்று போன கிழமை சொல்லிவிட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எங்களுக்குக் கூச்சம். ஆகவே அந்த 2018ஆம் ஆண்டுப் பிழையைச் சபையோருக்குச் சொல்கிறோம்.

வெள்ளவத்தை மாடிவீடுகளில் வீட்டுக்கு ஓர் இலக்கம். சீனிக் கிடங்குத் தோட்டத்திலோ இருபத்தாறு வீடுகளுக்கும் ஒரே மாநகரசபை வரி இலக்கம், 88. பிரதி எடுத்தவர் ஒரே இலக்கத்தைத் தவறுதலாகத் திரும்பத் திரும்ப எழுதிவிட்டார் என்று நினைத்த மிஸ், முதற்குடும்பத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் வெட்டினார்.

தோட்டத்திலிருந்து யோசெப்பின் என்ற பெண் எங்கள் கிளைக்கு வந்து நின்றார். "என்ன மிஸ், எங்க தோட்டத்தைக் கடல் கொண்டுபோயிட்டுதா? வரி கேக்கிறப்போ மட்டும் நாங்க இருக்கமா?"

மிஸ் இடாப்பைப் புரட்டினார். வெட்டியிருந்த சிவப்பு மை தம்முடையது என்று கண்டார். "வெட்டினது நான்தான்" என்றார். மேல்முறையீட்டுக்கு மூன்று நாட்களே இருந்தன. ஒவ்வொருவரும் தாமே கையெழுத்திடவும் வேண்டும்.

அன்று பின்னேரமே படிவக் கட்டோடு தோட்டத்துக் குழாயடிக்குப் போனார். வீடுகளைப் பிரித்துக் காட்ட 88/1, 88/2 என்று இலக்கம் போடத் தொடங்கியதும் சண்டை வந்துவிட்டது.

"பைப்புக்குப் பக்கத்தில நான்தான், ஒண்டாம் நம்பர் எனக்குத்தான்!" என்றார் யோசெப்பின்.

"அப்ப கக்கூஸ் பக்கத்துக் கடைசி நம்பர் எனக்கா? அதை என்ட மாமியாருக்குக் குடுங்க மிஸ்!" என்றார் துறைமுகத் தொழிலாளி சுமன்.

"நம்பரை மாமியாரோட பேசித் தீர்த்துக்கொள்ளுங்கோ தம்பி. இப்ப கையெழுத்தைப் போடுங்கோ" என்றார் மிஸ்.

மறுநாள் வேலைமுறை மாறும் நேரத்தில் துறைமுக வாசலில் நின்றார். அதற்கடுத்த நாள் வீட்டு வேலைக்குப் போன பெண்களைத் தேடிப் பொரளைக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் அலைந்தார். எவரும் அவரைப் போகச் சொல்லவில்லை.

எங்கள் அன்புக்குரிய மிஸ்! வெள்ளவத்தைக் கடற்காற்றில் காலாற நடந்து, கையில் படிவமின்றி, மனதில் கவலையின்றி, நோய்நொடியில்லா நெடுவாழ்வு நீங்கள் வாழ வேண்டும்!

கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு எழுபத்தொரு படிவங்கள் சேர்ந்திருந்தன. யோசெப்பினின் கணவர் உட்பட மூவர் கப்பல் வேலைக்குப் போய்க் கடலில் இருந்தார்கள்; அவர்களிடம் கையெழுத்து வாங்க முடியவில்லை. எழுபத்தொரு பெயர்கள் இடாப்பில் ஏறின. அடுத்த தேர்தலில் அந்த மூவருக்கு வாக்கு இருக்கவில்லை.

வாக்காளர் பதிவுக் கிளை ஊழியர்கள்,
கொழும்பு.