வெட்டிக் கிடந்த வரப்பு

என் பெயர் கலைமதி, வயது 23, க/பெ ராஜ்கமல். கணவர் பெயருக்கு முன்னால் ‘லேட்’ போட வேண்டும் என்று இதை எழுதும் போலீஸ் ஐயா சொன்னதால் போட்டுக்கொள்ளச் சம்மதிக்கிறேன். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தெருவில் மேற்படி கணவருடன் வசித்து வந்தேன். அவர் உப்பளக் கூலி. என் அண்ணன் தமிழரசனும் அதே உப்பளத்தில் வேலை செய்கிறார்.

கல்யாணமான நாள் முதல் புதுச்சேரியைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தவர், மழை பிடித்து உப்பு வேலை நின்றுவிட்டதால் நேற்றுக் காலை என்னை பைக்கில் அழைத்துச் சென்றார். மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, பெரிய வாய்க்காலின் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தோம். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் வெள்ளைக்காரன், அந்தப் பக்கம் நம்ம ஜனம் என்று காட்டினார். ஒரு மஞ்சள் சுவர் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டோம். அதன் பிறகு கடற்கரையில் காலை நனைக்கக் கூப்பிட்டேன், அவர் வரவில்லை. “தெனம் உப்புத்தண்ணியிலதான் நிக்கிறேன், இன்னிக்கு ஒரு நாளாவது காலு காய்ஞ்சி இருக்கட்டுமே” என்றார். புது ஷூவைக் கோவில் வாசலில் தவிர வேறெங்கும் அவர் கழற்றவில்லை.

அதன் பிறகு அண்ணன் போன் செய்து, எங்கள் தலை தீபாவளி விருந்துக்கு இரண்டு பாட்டில் பிராந்தி வாங்கி வரச் சொன்னார். என் கணவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. மச்சான் வாய்விட்டுக் கேட்டாரே என்று வாங்கி, என் பையில் புடவைக்கு அடியில் வைத்தார். எல்லை செக்போஸ்ட்டில் பொம்பளைப் பை என்று யாரும் பார்க்கவில்லை.

மரக்காணத்தை நெருங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அண்ணன் மறுபடியும் போன் செய்து, “கூட்டுரோட்டாண்ட போலீஸ் வண்டிய நிறுத்திப் பாக்குது, நீ உப்பளத்து வரப்பு மேல வந்துடு மாப்ள” என்றார். அது என் கணவர் தினமும் போகிற வழி. அதனால்தான் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. மழைத்தண்ணீர் வடிவதற்காக வரப்பை நடுவில் வெட்டிவிட்டிருந்தார்கள். வண்டி அதில் விழுந்தது. நான் சேற்றில் போய் விழுந்தேன். அவர் வண்டிக்கு அடியில் தண்ணீருக்குள் கிடந்தார். நான் இழுத்தும் வண்டி அசையவில்லை. ஷூ மட்டும் வெளியே தெரிந்தது.

என் கூச்சல் கேட்டு, தெருமுனையில் எங்களுக்காகக் காத்திருந்த அண்ணன் முதலில் ஓடி வந்தார். அவர்தான் வண்டியைத் தூக்கினார். என் கணவருக்கு மூச்சு இல்லை. “மொதலாளி சொன்னார்னு மத்தியானம் நாந்தான் வெட்டனேன் கலை, மறந்தே பூட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டார். அவர் மறந்தது உண்மை, அதை நான் நம்புகிறேன். அதன் பிறகு ஆட்கள் டார்ச் அடித்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும், என் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்து என் கணவர் வாயிலும் சட்டையிலும் ஊற்றினார். “குடிச்சிட்டு வண்டி ஓட்டனான்னு சொல்லிடு. செத்தவனுக்கு இன்னா ஆவப்போவுது” என்றார். அதை நான் மன்னிக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் வாடையை வைத்துக் குடிபோதை என்று எழுதிவிட்டார்கள். என் கணவர் தொண்டைக்குக் கீழே ஒரு சொட்டு இறங்கியிருக்காது, பரிசோதித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இன்னொரு பாட்டில் சீல் உடைக்காமல் இருக்கிறது, அதை ஒப்படைக்கிறேன்.

இன்று என்னை நிலையத்துக்கு அழைத்து வந்ததும் அண்ணன்தான். வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லிக் கொடுத்தபடிதான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, எல்லாம் உண்மை. வீட்டுக்கு நான் பஸ்ஸில் போய்க்கொள்கிறேன்.

(ஒப்பம்)
ரா. கலைமதி