எழுபதா, நூத்தியெண்பதா?

டேரல்: எழுபது போதும் மாப்ளே. அதுக்கு மேல ஒரு இம்மி வேணாம்.

மெர்வ்: எழுபதா? நம்ம மாடல் ப்ளேனுக்கு ஏழடி இறக்கை, அஞ்சு கிலோ எடை... இதுக்குப் போய் எழுபது சைஸ் எஞ்சினா? அது பறக்காது மச்சான். புல்லு வேணா வெட்டும்.

டேரல்: ஃபோர் ஸ்ட்ரோக்யா. மெதுவா சுத்தினாலும் இழுவை இருக்கும். நிஜ ஆஸ்டர் விமானம் மட்டும் என்ன, ராக்கெட் மாதிரியா போச்சு?

மெர்வ்: ராக்கெட் வேணாம்... தரையை விட்டுக் கிளம்பணுமில்ல? நூத்தியெண்பது போடு.

டேரல்: நூத்தியெண்பது எங்க உள்ள போகும்? மூக்கு மூடியை அறுக்கணும்.

மெர்வ்: அறு.

டேரல்: ஆறு வருஷமா இழைச்சு இழைச்சுப் பண்ணின மூக்குயா அது!

மெர்வ்: ஒரு ஓட்டை போட்டா எஞ்சின் தலை கொஞ்சம் வெளிய எட்டிப் பாக்கும். காத்து வாங்கட்டுமே, பாவம்.

டேரல்: உன் மூக்குல ஓட்டை போட்டுக் காத்து வாங்க விடட்டுமா?

மெர்வ்: ஏற்கெனவே ரெண்டு இருக்கு. சரி, அவ்வளவு கஷ்டம்னா பேசாம டூ ஸ்ட்ரோக்கே வாங்கு.

டேரல்: வாங்கிட்டு? பக்கத்துப் பண்ணைக்காரர் மறுபடி புகார் எழுதுவாரு, அந்தச் சத்தத்துல மாடெல்லாம் மிரளுதுன்னு. நம்ம ப்ளேன் கிளப்பையே இழுத்து மூடிடுவாங்க. ஃபோர் ஸ்ட்ரோக்தான். எழுபதுதான்.

கிளெனிஸ்: முடிஞ்சுதா இல்லியா? கடைக்காரர் லான்ஸ் லைன்லயே நிக்கிறாரு. அஞ்சு மணிக்குக் கடையைச் சாத்தணுமாம். இன்னைக்கு அனுப்பினாத்தான் சனிக்கிழமை கிளப் விழாவுக்கு வந்து சேரும்.

மெர்வ்: இருக்கச் சொல்லு.

கிளெனிஸ்: இருபது நிமிஷமா இருக்காரு. நடுவுல டீயே போட்டுக் குடிச்சிட்டாராம்.

டேரல்: எழுபதுன்னு சொல்லு கிளெனிஸ்.

மெர்வ்: நூத்தியெண்பதுன்னு சொல்லு. நீ எனக்குப் பொண்டாட்டி.

கிளெனிஸ்: அதுக்கு முன்னாடியே அண்ணனுக்குத் தங்கச்சி. எல்லாம் என் தலையெழுத்து.

மெர்வ்: பறக்க விடப்போறது யாரு? நான்! கிளப்புல தங்க இறக்கை பேட்ஜ் குத்தியிருக்கிறது யாரு? நான்!

கிளெனிஸ்: ரெண்டு நம்பரையும் லான்ஸ்கிட்ட சொல்லிட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாரு.

டேரல்: எதுக்கு சிரிப்பு?

கிளெனிஸ்: ஏழடி ஆஸ்டருக்கு நூத்தியிருபதுன்னு பச்சப் புள்ளைக்கும் தெரியுமாம். மூக்குக்குள்ளயும் அடங்குமாம், தூக்கவும் தூக்குமாம். ரெண்டு பேருக்கும் உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேக்கிறாரு.

டேரல்: நூத்தியிருபதா... இல்ல... அது... சத்தம் சரியா வராது.

மெர்வ்: ஆமா ஆமா. சத்தம் நல்லா இருக்காது.

கிளெனிஸ்: அட! இதுல மட்டும் ஒத்துப்போறீங்களே? முப்பது வருஷமா ரொட்டில வைக்கிற வெங்காயம் சாஸேஜுக்கு மேலயா கீழயான்னு அடிச்சிக்கிறவங்க... லான்ஸ், ஒரு நிமிஷம், போனைக் கவுத்து வைக்கிறேன்... சொல்லுங்க. என்ன மறைக்கிறீங்க?

டேரல்: ஒண்ணுமில்ல.

மெர்வ்: என்னத்த மறைக்க?

கிளெனிஸ்: அண்ணே, எழுபது தூக்காதுன்னு உனக்குத் தெரியாது?

டேரல்: ...தெரியும்.

மெர்வ்: தெரியுமா!

டேரல்: தூக்கக் கூடாதுன்னுதான் கேட்டேன். சனிக்கிழமை புல்லுல ரெண்டு சுத்து உருளட்டும். எல்லாரும் போட்டோ எடுக்கட்டும். முழுசா வீட்டுக்குக் கொண்டாந்துடலாம்னு...

மெர்வ்: ஏன் மச்சான்?

டேரல்: நீ ஏன் நூத்தியெண்பதுல நின்ன? அதை முதல்ல சொல்லு.

மெர்வ்: நீ அந்த மூக்கை அறுக்க மாட்டேன்னு தெரியும். சண்டையிலயே அஞ்சு மணி ஆயிட்டா... எஞ்சினே வராதில்ல?

கிளெனிஸ்: அடப் பாவிங்களா!

மெர்வ்: எனக்குக் கண்ணு தெரியல மச்சான். வலது கண்ணுல நடுவுல ஒரே கறுப்பு, இடது கண்ணும் மங்கல். ப்ளேன் வேலியைத் தாண்டிட்டா மூக்கு எது, வால் எதுன்னு தெரியல. ஆறு வருஷ உழைப்பு... என் கையால உடைச்சிடுவேனோன்னு பயம்.

கிளெனிஸ்: கண்ணு விஷயம் எனக்குத் தெரியும்.

மெர்வ்: எப்படி?

கிளெனிஸ்: எதிர்வீட்டுத் தபால் பெட்டிக்கு ரெண்டு நாள் கை காட்டினே. பதிலுக்குக் காட்டலைன்னு கோவம் வேற. வியாழக்கிழமை கண் டாக்டர்கிட்ட போறோம். கார் சாவி இனிமே என்கிட்டதான்.

மெர்வ்: சாவியுமா?

கிளெனிஸ்: சாவியும்தான்.

டேரல்: எனக்கும் தெரியும் மாப்ளே. அத்தனை பேர் முன்னாடி உன் கையிலேருந்து ரிமோட்டை வாங்க எனக்கு மனசு வரல.

மெர்வ்: அப்ப நீயே பறக்க விடேன்.

டேரல்: எனக்குப் பசை போட்டு ஒட்டத்தான் தெரியும். பறக்க விட வராது.

கிளெனிஸ்: உங்க கிளப் ரெக்ஸ் பறக்க விடட்டும். நான் நூத்தியிருபது சொல்லிடறேன்.

மெர்வ்: ரெக்ஸா! அந்தத் தடியனா? அவன் இறக்குற லட்சணத்தைப் பாத்திருக்கியா? கூரையிலேருந்து உருளைக்கிழங்கு மூட்டையைத் தள்ளின மாதிரி இருக்கும்!

கிளெனிஸ்: லான்ஸ்... நூத்தியிருபது. ஆமா, இன்னைக்கே அனுப்பிடுங்க. இல்ல இல்ல, ரெண்டு பேருக்கும் இப்ப தேவலை.

மெர்வ்: நீயே சொல்லு மச்சான். இந்தக் கண்ணை வச்சிக்கிட்டே போன மாசம் என் மஞ்சள் ப்ளேனை எப்படி இறக்கினேன்?

டேரல்: ...விடு மாப்ளே.

மெர்வ்: ஏன் விடணும்? பக்கக் காத்து வேற. பஞ்சு மாதிரி வந்து உக்காந்துது. மொத்த கிளப்பும் எழுந்து நின்னு கை தட்டிச்சு! என்னை நாற்காலியை விட்டு எந்திரிக்கவே விடாம, நீதானே போய்த் தூக்கிட்டு வந்தே?

டேரல்: நான்தான் தூக்கிட்டு வந்தேன்.

மெர்வ்: உருண்டு நிக்கும்போது புரொப்பெல்லர் உடைஞ்சிடுச்சுன்னு சொன்னியே.

டேரல்: சொன்னேன்.

மெர்வ்: பின்ன என்ன? ரெக்ஸால அப்படி இறக்க முடியுமா?

டேரல்: அன்னைக்கு மேல ரெண்டு மஞ்சள் ப்ளேன் இருந்துது மாப்ளே. பஞ்சு மாதிரி உக்காந்தது ரெக்ஸோடது. உன்னோடது கனோலாக் கடுகு வயல்ல விழுந்து கிடந்துது, அந்த மஞ்சப் பூவுக்குள்ள இடுப்பளவு இறங்கித் தேடி எடுத்தேன். யாரும் உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அத்தனை பேர் வாயையும் அடைச்சதே ரெக்ஸ்தான்.