சின்னத் தலைப்பாகை

பாதுஷாவின் வலது காது இடது காதைவிடச் சற்றுப் பெரியது. வெளியே தெரியாதபடி தலைப்பாகையை ஒரு விரற்கடை சாய்த்துக் கட்டுவேன். இஸ்தான்புல்லில் என்னைத் தவிர யாருக்கும் அது தெரியாது. காஜியாரே, இப்போது உங்களுக்குத் தெரியும்.

முனிஸ் பாஷாவின் சாவில் என் பங்கு என்ன என்று கேட்கிறீர்கள். அவர்மேல் என் விரல்கூடப் பட்டதில்லை. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

பாதுஷாவின் அண்ணன் அரியணை ஏறிய அன்றே, தம்பியான இவரை அரண்மனையின் உள்மனையில் அடைத்தார்கள். பணிவிடைக்கு என்னையும் சேர்த்துப் பூட்டினார்கள். இருவரும் அங்கேயே வாலிபத்தைத் தொலைத்தோம். விஷத்துக்குப் பயந்து, எந்தச் சாப்பாடு வந்தாலும் தட்டை முதலில் என் பக்கம் நகர்த்துவார். நான் தின்று, உயிரோடு இருக்கிறேன் என்று கண்ட பிறகுதான் கை வைப்பார். "நீ இல்லாட்டி நான் என்னைக்கோ செத்திருப்பேன், ஜவ்ஹர்" என்பார். அண்ணன் இறந்து, அரியணைக்கு அழைக்க ஆட்கள் வந்தபோது கொல்லத்தான் வருகிறார்கள் என்று கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டார். நான்தான் நயமாகப் பேசி வெளியே கொண்டுவந்தேன்.

அவருக்கு ஆளத் தெரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆளத் தெரிந்தவராக, தலைமை அமைச்சராக முனிஸ் பாஷா வந்தார், துடுப்பு செதுக்குகிறவரின் மகன். ஒரே குளிர்காலத்தில் ரொட்டிக்கடை வரிசைகள் கரைந்தன, முணுமுணுத்த படைவீரர்கள் அடங்கினார்கள், அழுகிக் கிடந்த கப்பல்கள் மிதந்தன. நல்ல மனிதர். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

ஒருநாள் அவர் ஸ்மிர்னாவிலிருந்து வந்த அத்திப்பழம் கொண்டுவந்தார். பாதுஷா சிரித்துப் பேசிக்கொண்டே எடுத்து வாயில் போட்டார். தட்டு என் பக்கம் வரவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன்.

போகும்போது பாஷா என் தோளில் கை வைத்தார். "ஜவ்ஹர் அண்ணே, இவ்வளவு காலம் நீங்க கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டீங்க. இனிமே நான் பாத்துக்கறேன். பூர்சாவுல உங்களுக்குத் தோட்டத்தோட ஒரு வீடு பேசியிருக்கேன். போய் நிம்மதியா இருங்க" என்றார். கேலியில்லை, மனமார்ந்த பேச்சு.

அந்த வாரமே, பேரனுக்குச் சுன்னத்துக் கல்யாணம், உங்கள் கையால் ஒரு சின்னத் தலைப்பாகை கட்டித் தரவேண்டும் என்று கேட்டார். நல்ல வெண்பட்டில் கட்டிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பாதுஷாவுக்குக் கட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன்: "பாஷா என்கிட்ட ஒரு சின்னத் தலைப்பாகை கட்டி வாங்கிட்டுப் போனாரு."

"எவ்வளவு சின்னது?"

"ஆறு வயசுப் பிள்ளைக்கு இருக்கும்."

இறந்த அண்ணனின் மகனும் உள்மனையில்தான் வளர்ந்துகொண்டிருந்தான், அதே வயசு, அரியணைக்கு அடுத்த வாரிசு. பாதுஷாவின் கழுத்து என் கைக்குள் விறைத்தது. யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

"நான் இப்ப என்ன பண்ணணும், ஜவ்ஹர்?"

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு என்னிடம் ஒன்று கேட்டார். துணியின் நுனியைச் செருகி முடித்துவிட்டுச் சொன்னேன்: "பாதுஷாவுக்குத் தெரியாததில்ல. ஆனா தலைய மட்டும் எடுத்துட்டுத் தலைப்பாகைய விட்டுவைக்கக் கூடாது. வேற யாராவது அதைப் போட்டுக்கலாம்."

பகல் தொழுகைக்குள் பாஷாவின் கழுத்தை நெரிக்கப் பட்டுக்கயிறு போயிற்று. அவர் கைகால் கழுவித் தொழுதுவிட்டு, தாமே சட்டைக் கழுத்தைத் தளர்த்தினாராம். உள்மனையில் இருந்த அண்ணன் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. சாயங்காலம் சாப்பாடு வந்தது. பாதுஷா தட்டை என் பக்கம் நகர்த்தினார். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அப்புறம் நடந்தது ஊரறிந்தது. மாவுக்குத் தட்டுப்பாடு வந்தது, சம்பளம் நின்றது, படைவீரர்கள் கலகத்துக்கு அடையாளமாகச் சோற்றுக் கொப்பரைகளைக் கவிழ்த்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். எங்கிருந்தோ ஒரு பங்காளியைத் தேடிப்பிடித்து அரியணையில் வைத்தார்கள். இவரைப் பழைய அறையில் அடைத்தார்கள். கூட யார் போகிறீர்கள் என்று கேட்டபோது நான் ஒருவன்தான் முன்னே வந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பொறாமை என்கிறீர்கள். நாட்டையே அவர் பாஷாவிடம் தூக்கிக் கொடுத்தாரே, நான் ஏதாவது சொன்னேனா? அந்தக் குழந்தைக்காக இப்போதும் துஆ செய்கிறேன். பாதுஷாவுக்கு ஆபத்து வரும் முன்பே அறிவதுதான் என் வேலை. அதைத்தான் செய்தேன்.

இன்னும் ஒன்று. விசாரணைக்கென்று வந்தாலும் நீங்கள் அவரிடம் கனிவாகப் பேசுகிறீர்கள். நேற்று உங்களோடு பேசிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்தது கதவுக்கு வெளியே கேட்டது. நீங்கள் போனபின், "காஜியார் மறுபடி எப்ப வருவாரு?" என்று கேட்டார்.

இனி நீங்கள் வராமல் இருப்பது நல்லது. உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.