மூணாவது இலை

— ஒரு இடத்துல உக்காருடா. நீ கூடத்தையே அளக்கிறதைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது.

— எப்படிக்கா உக்கார்றது? கண் ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் பெரியக்கா வீட்டுல இருந்துட்டு அப்பா இன்னைக்கு வர்றார். செருப்பைக்கூடக் கழட்டாம நேரா இந்தக் கடிகாரத்துக்கிட்டதான் வருவார்.

— அவர் வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணி வைக்கிறேன்னு தூக்கிட்டுப் போய் ரயில்ல விட்டுட்டு வந்தியே, அப்ப எங்க போச்சு இந்தப் பதற்றம்?

— தூங்கிட்டேன்க்கா, எத்தனை தடவை சொல்றது? அதான் தச்சர் போட்டோவைப் பாத்து அச்சு அசலா செதுக்கிக் குடுத்துட்டார்ல. திராட்சைக் கொடி, கொத்து, உச்சியில ரெண்டு குருவி. உள்ள மெஷினும் பழைய சாமான் கடையில தேடி வாங்குன பழசுதான்.

— குருவி மூக்கு தடிச்சிருக்கு. பாலிஷ் வாசனை வேற ஊரைக் கூட்டுது. அவரைத் தவிர யாரும் தொடாத கடிகாரம்டா. தொலைஞ்சது தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சு போயிருவார்.

— கண்ணு இன்னும் மங்கல்தானே?

— அவருக்குக் கண்ணை விட விரல்தான் நல்லாப் பாக்கும்.

— அதுக்குத்தான் வலது பக்கம் மூணாவது இலையில வெட்டும் போட்டாச்சே. சின்ன வயசுல நான் பிளேடால கிழிச்ச அதே இடம். வாங்குன அடி முதுகுக்கு மறக்குமா?

— வாய மூடு, கேட் சத்தம். வாங்கப்பா. மெதுவா, படி இருக்கு.

— என் வீட்டுப் படி எனக்குத் தெரியாதாம்மா? எங்க நம்ம ஆளு? ஓடுதா?

— ஓடுதுப்பா. நான்தான் சாவி கொடுத்தேன்.

— நீயாடா? அதிசயம்தான். சத்தம் கொஞ்சம் கனமா இருக்கே.

— எண்ணெய் போட்டேன்ப்பா. முதல்ல உக்காருங்க.

— இரு கண்ணு, ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கறேன். கொடி... கொத்து... இலை...

— அப்பா, தண்ணி குடிங்க. அப்பா? ஏன் அங்கேயே நிக்கிறீங்க?

— இங்க ஒரு வெட்டு இருக்கும்மா.

— அது நான் பண்ணதுதானேப்பா, சின்ன வயசுல. மறந்துட்டீங்களா?

— மறக்கத்தான் பாத்தேன். சாவி கொடுக்கப் போறப்பல்லாம் உன்னை அடிச்ச அடிதான் விரல்ல தட்டுப்பட்டுச்சு. தாங்க முடியாம, நீ வேலைக்குப் போன வருஷம் நானே அரக்கு வச்சு அதை அடைச்சுட்டேன். இது யாரு வீட்டுக் கடிகாரம் கண்ணு?