அழகுமலையின் வெள்ளை ஆடுகள்

கூடலூருக்கு இங்கிலீஷ் பேப்பர் காலை ஒன்பது மணி பஸ்ஸில்தான் வரும், ஐயா. மொத்தம் இரண்டே பிரதி. ஒன்று பேங்க் மேனேஜருக்கு, மற்றது எனக்கு. தொண்ணூற்றேழு மார்ச்சில் ஒரு நாள் அந்தச் செய்தி வந்திருந்தது. வெளிநாட்டில் ஒரு செம்மறியாட்டின் மடியிலிருந்து செல் எடுத்து, அதைப் போலவே இன்னோர் ஆட்டை உண்டாக்கிவிட்டார்களாம். டீக்கடையில் அதை நான்தான் தமிழில் விளக்கினேன்.

என் பெயர் ஞானசிகாமணி. விலங்கியல் ஆசிரியர். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில், "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்பதைத் தவிர வேறு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அன்று பத்துப் பேர் கேட்டார்கள். பெஞ்சில் இருந்தவர் எழுந்து எனக்கு இடம் விட்டார்.

"அந்த ஆட்டுக் கறியத் திங்கலாமா, சார்?"

"ஆராய்ச்சி நடக்குது. உறுதியாச் சொல்ல முடியாது" என்றேன். அது உண்மைதான்.

கறிக்கடை அழகுமலை என் பழைய மாணவன். குமுளிக்கு அந்தப் பக்கமிருந்து ஆடு வாங்கி வந்து வளர்த்தான். எல்லாம் வெள்ளை. ஒரே ஈற்றில் மூன்று குட்டி போடும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. "அப்ப இவன் ஆடும் அந்த மாதிரிதானா?" என்று யாரோ கேட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே பேப்பரை மடித்தேன்.

ஒரு வாரத்தில் அவன் கடையில் ஈ கூட மொய்க்கவில்லை. அவனும் அவன் மனைவி பூமாரியும் வீட்டுக்கு வந்தார்கள்.

"வாத்தியார் சொன்னாகன்னுதான் ஊரே பேசுது. நீங்களே ஒரு தடவ இல்லேன்னு சொல்லிருங்க சார்" என்றாள் பூமாரி.

சந்தர்ப்பம் வரும்போது சொல்கிறேன் என்றேன். அப்போது என் வாசலில் தினமும் ஆள் வந்துகொண்டிருந்தது. பிள்ளைத்தாய்ச்சிகள்கூட வந்து கேட்டார்கள். அவர்கள் உட்கார நான்கு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தேன்.

பிறகு சுருளியாண்டி வந்தான். அவன் உட்காரவில்லை. அவன் மனைவி ராஜாத்திக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்திருந்தது.

"இந்தப் பேச்சு கெளம்புறதுக்கு முந்தி அழகுமலை கடையில எடுத்த கறியத்தான் சார் தின்னா. அதனாலயா?"

ராஜாத்தி காய்ச்சலோடு தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனது எனக்குத் தெரியும். ஆனால் அவன் காய்ச்சலைப் பற்றிக் கேட்கவில்லை. கறியைப் பற்றிக் கேட்டான்.

"இல்லைன்னு சொல்ல முடியாதுப்பா" என்றேன்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்ணெண்ணெய் டின்களோடு ஆட்டுக் கொட்டகை முன்னால் கூட்டம் சேர்ந்தது. அழகுமலை என் வீட்டுக்கு ஓடிவந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

"சார், ஒத்த வார்த்தை. இங்கன நிக்கிறவகட்ட இது சாதா ஆடுதான்னு சொல்லுங்க சார்."

நாற்பது பேர் இருப்பார்கள். எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அப்படியோர் அமைதி என் வகுப்பில் ஒரு நாளும் இருந்ததில்லை.

"ஆராய்ச்சி இன்னும் முடியல. உறுதியாச் சொல்ல முடியாது" என்றேன்.

கூரை உடனே பற்றிக்கொண்டது. ஆடுகளை அவிழ்த்துவிட அழகுமலை உள்ளே போனான். பதினோரு ஆடுகள் வெளியே வந்தன. அவன் வரவில்லை. பூமாரி தீ வைத்தவர்களைத் திட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டாள்.

ஒன்பது பேரைப் பிடித்திருக்கிறீர்கள். என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். எனக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்ததா என்று கேட்டீர்கள் இல்லையா? இல்லை, ஐயா. போன ஐப்பசியில் அவனுடைய ஆடு ஒன்று ஈன முடியாமல் கிடந்தபோது என்னைத்தான் கூப்பிட்டான். மூன்று குட்டிகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நகலெடுக்கிற வேலை ஓலைக் கொட்டகையில் நடக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதை அன்று சொல்லியிருந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மறுநாள் என் வாசலுக்கு யாரும் வந்திருக்கமாட்டார்கள். அதனால்தான் சொல்லவில்லை. அவனைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் குளோனிங் என்பதைத் தப்பாக எழுதியிருக்கிறார். பேனாவைக் கொடுங்கள், முதலிலிருந்து விளக்குகிறேன். சந்தேகம் வந்தால் நடுவில் தாராளமாகக் கேளுங்கள்.